முழங்கை டாக்டர்

எங்கள் இண்டியானா மாநிலத்தில் கூடைப்பந்தை வளையத்துக்குள் போடத் தெரிந்தவர்களைவிட, எப்படிப் போடவேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் அதிகம். எங்கள் ஊரில் மூவாயிரம் பேர்; பள்ளிக் கூடைப்பந்து அரங்கில் நாலாயிரம் இருக்கை. அத்தனை நிபுணர்களும் போதாதென்று வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். டாக்டர் லாயல் பெக். எதற்கு டாக்டர் என்று ஒருவரும் கேட்கவில்லை. நல்ல எறிவாளரை உருவாக்கும் பதினோரு தத்துவங்களைக் கண்டுபிடித்தவராம்.

ஏழாவது தத்துவம் முழங்கை: அது உடம்போடு ஒட்டி, பந்துக்கு நேர் கீழே மடங்கியிருக்கவேண்டும். கொரின் ஸ்டக்கி மாட்டிக்கொண்டது அதில்தான்.

கொரின் பழகியது அவள் அப்பாவின் வைக்கோல் கொட்டகையில். அங்கே உயர்த்திப் போட்டால் பந்து உத்தரத்தில் இடிக்கும். அதனால் முழங்கையைப் பக்கவாட்டில் விரித்து, செங்கல்லை வீசுவதுபோல் தட்டையாக வீசுவாள். பார்க்கச் சகிக்காது. பத்தில் ஒன்பது விழும். இருபது வருடமாக ஸ்கோர் புத்தகம் எழுதுகிற எனக்கு அது போதும்.

"இது என்ன, பந்து போடுறதா, கோழி விரட்டுறதா?" என்றார் டாக்டர், பயிற்சியில்.

"உள்ள போகுதே, டாக்டர்."

"போகுது. ஆனா தப்பாப் போகுதும்மா."

கோச் ஹார்ஷ்பார்கர் வேதம் கேட்டவர்போலத் தலையாட்டினார். "டாக்டர் சொல்ற மாதிரி போட்டா ஆடு கொரின். இல்லேன்னா பெஞ்சுல உக்காரு."

அது அவளுக்குப் பள்ளியில் கடைசி வருடம். தோற்றால் வீட்டுக்கு அனுப்பும் வட்டாரப் போட்டி வெள்ளிக்கிழமை. அவளும் முழங்கையை மடக்கினாள். பந்து அழகாக எழும்பி, அழகாக வெளியே விழுந்தது. "அருமையான தவறு!" என்று டாக்டர் கைதட்ட, பயிற்சியைப் பார்க்க வந்திருந்த பெற்றோரும் தட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். நேரம் முடிந்துவிட்டது. கடைசி நொடியில் எதிரணிக்காரி இடித்ததால் கொரினுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ; யாரும் மறிக்காமல் போடலாம், உள்ளே போனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி.

"முழங்கை!" என்று கோச் கத்தினார்.

முதல் பந்தை டாக்டர் முறைப்படி போட்டாள். வளையத்தின் விளிம்பில் பட்டு வெளியே போனது. அரங்கமே தலையில் கைவைக்க, டாக்டர் மட்டும் எழுந்து, "பாத்தீங்களா அந்த வளைவ!" என்றார்.

இரண்டாவதைக் கொட்டகை முறையில் வீசினாள். வலை சரக்கென்றது. ஸ்கோர் சமம், கூடுதல் நேரம். கோச் அவளைப் பெஞ்சுக்கு இழுத்துவிட்டார்.

"கோச், சமன் பண்ணினதே அவதானேய்யா!" என்று நான் மேசையிலிருந்து கத்தினேன்.

"சொல் பேச்சு கேக்கல. நீ எழுதுற வேலையப் பாரு."

ஆறு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் டாக்டரைச் சுற்றிக் கூட்டம். "ரெண்டாவதையும் முறையாப் போட்டிருந்தா அந்தப் பொண்ணு மனசு உறுதியாயிருக்கும்," என்று அவர் விளக்க, நாலாயிரம் இருக்கைக்காரர்கள் ஆமாம் போட்டார்கள். கொரின் ஒரு பந்தோடு கூட்டத்தை விலக்கி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"டாக்டர், நீங்க ஒண்ணு போட்டுக் காட்டுங்க."

அவர் பந்தை வாங்கவில்லை. தன் காலைக் குனிந்து பார்த்தார். "தோல் ஷூ போட்டிருக்கேனேம்மா. இதோட ஆடுகளத்துல காலு வைக்கலாமா? மரத்தரை கீறிடுமே."

கூட்டம் சிலிர்த்துப்போனது.

"பாத்தியா கொரின்," என்றார் கோச், குரல் தழுதழுக்க. "தரைய மதிக்கிற மனுஷன்!"