ஆஸ்பத்திரி சீன்

அந்தப் படத்தை இதுவரை பதினோரு தடவை பார்த்துவிட்டேன். இரண்டு மணி பதினெட்டு நிமிடம் ஓடுகிறது. அதில் ஓர் ஆஸ்பத்திரிக் காட்சி இருந்தாக வேண்டும். இருந்துவிட்டால், ஏதோ ஒரு படத்தைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொன்னவள் என்ற அளவில் நான் தப்பித்துக்கொள்ளலாம்.

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவன் கைப்பட்டது. அவன் குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காவது மாடியில், ஒற்றை அறை. "வைத்தியன் வீட்டுப் பிள்ளைக்கு மருந்து கிடைக்காதுங்கிற மாதிரி," என்று நான் சொன்னால், "உன் கடையில எனக்கு ஓசியில மாத்திரை கிடைக்குதே, அது போதும்," என்பான். நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். டாக்டர்களின் கிறுக்கலைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலை. எவ்வளவு மோசமான கையெழுத்தையும் படித்துவிடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் போன் வரும். ஒரு வாரம் அவன் ஒரு படம் சொல்வான், மறுவாரம் நான். அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு ஞாயிறு பேச வேண்டும். அம்மா போன பிறகு ஆரம்பித்த பழக்கம். வேறு எதைப் பேசினாலும் அம்மாவில் போய் முடிந்தது, அதனால் படம். அதற்கு அவன் போடும் மதிப்பெண்ணும் அவன் தொழிலில் இருந்துதான் வரும். பத்து மாடிக் கட்டடத்தில் படம் எத்தனையாவது மாடி வரை ஏறியது என்பான்.

"மூணாவது மாடியில நின்னு போச்சுக்கா. உள்ள மாட்டிக்கிட்டவன் கதவைத் தட்டுற மாதிரி ஹீரோ கத்திக்கிட்டே இருக்கான்."

"எனக்குப் பிடிச்சிருந்துது."

"உனக்கு வில்லன் நல்லா சட்டை போட்டிருந்தா போதுமே. மாமா என்ன சொன்னாரு?"

"உங்க மாமா பேர் போடும்போதே குறட்டை. எழுப்பினா, 'கல்யாணம் ஆயிடுச்சா'ன்னு கேட்டாரு. அது பேங்க் கொள்ளைப் படம்."

என் கணவர் பஸ் ஓட்டுகிறார். ரோட்டில் கண் கொட்டாமல் இருப்பவர் சோபாவில் உட்கார்ந்தால் ஐந்து நிமிடம் தாங்க மாட்டார்.

போன வருடம் எனக்கு வேலை நேரத்தை மாற்றினார்கள். சனிக்கிழமை முழு நாளும் கடை. வீட்டுக்கு வந்தால் கால் வீங்கியிருக்கும், இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படம் பார்க்கத் தெம்பு இருக்காது. அதைத் தம்பியிடம் சொல்லியிருக்கலாம். அவனுக்கு இருந்ததே அந்த ஒரு மணி நேரப் பேச்சுதான் என்பதால் சொல்லவில்லை. அதற்குப் பதில் பஸ்ஸில் வரும்போது போனில் நாலு பேர் எழுதிய விமர்சனத்தைப் படித்துக்கொள்வேன். பள்ளிக்கூடத்தில் பிட் அடிக்காதவள் நாற்பத்தாறு வயதில் பிட் அடிக்கக் கற்றேன். கதாநாயகனைப் பற்றிப் பேசக் கூடாது, மாட்டிக்கொள்வோம். துணைப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, "அந்த வீட்டுக்காரம்மா எவ்வளவு இயல்பா பண்ணியிருந்தாங்க இல்ல?" என்று கேட்டுவிட்டால் மீதியை அவனே பேசுவான்.

என் கணவருக்கு மட்டும் இது தெரியும். "அவன்கிட்டப் போட்டுக் கொடுத்துடாதீங்க," என்று சொல்லி வைத்திருந்தேன். "எனக்கென்ன வந்தது, நான் தூங்குறவன்," என்றார்.

அந்த வாரப் படம் அவன் சொன்னது. கல்யாண ஊர்வலங்களில் ட்ரம்பெட் வாசிக்கும் ஒருவன், அவனுடைய அக்கா, காணாமல் போன ட்ரம்பெட். 'இரண்டாம் பாதி இழுவை, அக்காவாக நடித்தவர் அருமை' என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். எனக்கு அது போதும்.

அன்று போனை எடுத்ததும் அவனுக்கு மூச்சு வாங்கியது.

"என்னடா, இப்படி இரைக்குது?"

"பால் வாங்கிட்டு இப்பதான் ஏறி வந்தேன். விடு. படம் பாத்தியா?"

"பாத்தாச்சு. அக்காவா வர்றவங்க பிரமாதம். ரெண்டாவது பாதி கொஞ்சம் இழுத்துட்டான்."

"ம். அந்த ஆஸ்பத்திரி சீன் எப்படி?"

விமர்சனம் எதிலும் ஆஸ்பத்திரி இல்லை. நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"பரவாயில்லையே," என்றேன்.

"டாக்டர் சொன்னதை அவன் அக்காகிட்டச் சொல்லாமலே வந்துடுறான்ல. பஸ்ல உக்காந்து அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு மடிச்சு வெச்சுக்குறான். சொல்லியிருக்கணுமாக்கா அவன்?"

கருத்துச் சொல்ல வேண்டும். சொன்னேன். "எதுக்குடா? சொல்லியிருந்தா ஒரே அழுகாச்சியா போயிருக்கும். சொல்லாததாலதான் படம் தப்பிச்சுது."

"அந்த அக்காவும் பாவம். ஏற்கெனவே அம்மாவைப் பாத்துப் பாத்து ஓய்ஞ்சு போனவ."

"அதான் சொல்றேன். அவ தலையில இன்னொரு பாரத்தை ஏத்தணுமா? அவன் பண்ணதுதான் சரி."

நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.

"எத்தனாவது மாடி?" என்றான்.

"ஏழு குடுக்கலாம்."

"நான் எட்டு குடுக்கறேன்," என்றான். "அந்த ஒரு சீனுக்காக."

வெங்காயத்தால் என் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அதைச் சொல்லிச் சிரித்தேன். அவனும் சிரித்தான்.

அதன் பிறகு பதினேழு ஞாயிற்றுக்கிழமைகள் பேசினோம். பதினேழு படங்கள். அதில் நான் பார்த்தவை இரண்டோ மூன்றோ. ஆஸ்பத்திரி என்ற வார்த்தை அவன் வாயில் மறுபடி வரவேயில்லை. தலைவலி மாத்திரைக்குக்கூட அவன் என் கடைப்பக்கம் வருவது நின்றிருந்தது. வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். பதினெட்டாவது ஞாயிற்றுக்கு முந்தைய வியாழன் மதியம், ஓர் அலுவலகக் கட்டடத்தின் மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் அறைக்கு ஏறும் இரும்புப் படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. முப்பத்தொன்பது வயது.

மூன்று வாரம் கழித்து, அவனோடு வேலை பார்த்த வயர்மேன் அவனுடைய தோள்பையைக் கொண்டுவந்து கொடுத்தார். "உங்ககிட்டச் சொல்லிட்டேன்னுதான் எங்ககிட்டச் சொன்னான்மா," என்றார். என்ன என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் என்னால் தாங்க முடியவில்லை. "வால்வு விஷயம்," என்றார்.

டெஸ்டர், இன்சுலேஷன் டேப், கிரீஸ் படிந்த துணி. எல்லாவற்றுக்கும் அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் எட்டாக மடித்த தாள். மடிப்புகள் கிழியும் பதத்தில் இருந்தன. இதய வால்வை மாற்றும் ஆபரேஷனுக்கான ஒப்புதல் படிவம். சீக்கிரம் செய்துகொள்ள வேண்டும் என்று ஓரத்தில் டாக்டர் எழுதியிருந்தார். அந்தக் கையெழுத்தை நான் ஒரே பார்வையில் படித்துவிட்டேன். நோயாளியின் இடத்தில் தம்பி கையெழுத்துப் போட்டிருந்தான். 'உறவினர்' என்ற இடம் காலி. தேதியைப் பார்த்தேன். ட்ரம்பெட் படத்தைப் பற்றிப் பேசிய ஞாயிற்றுக்கு ஐந்து நாள் முன்னால்.

அம்மாவை நான் நாலு வருடம் ஆஸ்பத்திரி வராண்டாக்களில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, "இனிமே எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்க என்னால ஆகாதுடா சாமி," என்று இவனிடம்தான் சொன்னேன். களைப்பில் சொன்னது. யாராக இருந்தாலும் சொல்வார்கள். அவன் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறான்.

அன்றுதான் முதல் தடவை அந்தப் படத்தைப் போட்டேன்.

ட்ரம்பெட்காரனுக்கு ஒரு நோயும் இல்லை. படத்தில் டாக்டரே இல்லை. அவன் அம்மா சாகவும் இல்லை. கடைசிவரை நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரையும் திட்டிக்கொண்டிருக்கிறாள். பஸ் ஒரு தடவை வருகிறது, அதில் அவன் ஜன்னலோரம் தூங்குகிறான். மடித்த சீட்டு எதுவும் இல்லை.

கண் அசந்திருப்பேன் என்று மறுபடி போட்டேன். பிறகு, டிவியில் வருவது வெட்டிய பிரதியாக இருக்கும் என்று தோன்றியது. வேறு இடங்களில் தேடினேன். எங்கும் அதே இரண்டு மணி பதினெட்டு நிமிடம். படத்துக்கு விமர்சனம் எழுதியிருந்த முன்பின் தெரியாத நாலு பேருக்குச் செய்தி அனுப்பினேன்: 'இதில் ஆஸ்பத்திரிக் காட்சி ஒன்று இருந்து பிறகு நீக்கினார்களா, தயவுசெய்து சொல்லுங்கள்.' ஒருவர் மட்டும் பதில் போட்டார். 'நீங்கள் வேறு படத்தைச் சொல்கிறீர்கள் அம்மா.' அது எனக்கு இரண்டு நாள் தாங்கியது. வேறு படம். அவன் இரண்டு படத்தைக் குழப்பிக்கொண்டான். ஆனால் அன்று அதன் பிறகு போனில் அவன் சொன்ன மற்றதெல்லாம், அக்கா அடகுக்கடை வாசலில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடுவதுகூட, இந்தப் படத்தில் அப்படியே இருக்கிறது.

அவன் படத்தைப் பார்த்திருந்தான். பார்த்துவிட்டு, அதில் இல்லாத ஒரு காட்சியைத் தானே வைத்து என்னிடம் கேட்டிருக்கிறான். படம் பார்த்த எந்த அக்காவும், "ஆஸ்பத்திரியா? அது எங்கடா வருது?" என்று கேட்டிருப்பாள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவன் காத்திருந்திருப்பான். கேட்டிருந்தால் அன்று மதியமே படிவத்தோடு என் வாசலில் நின்றிருப்பான்.

நேற்று பத்தாவது தடவை ஓடி முடிந்தபோது இதை என் கணவரிடம் சொன்னேன். இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை. அவர் சோபாவில் படுத்திருந்தார், ஆனால் தூங்கவில்லை. கொஞ்ச நாளாகவே தூங்குவதில்லை.

"நான் பாக்கலைன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றேன். "ஏதோ உளர்றான்னு விட்டிருப்பான். இல்லையா? அப்படித்தானே இருக்கும்?"

அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"அவன் எனக்குப் போன் பண்ணான்," என்றார்.

"எப்ப?"

"நீங்க அந்தப் படத்தைப் பத்திப் பேசினீங்களே, அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு. டிப்போவுல இருந்தேன். 'மாமா, அக்கா அந்தப் படத்தை நிஜமாவே பாத்தாளா?'ன்னு கேட்டான்."

"என்ன சொன்னீங்க?"

"நீதானே போட்டுக் கொடுக்கக் கூடாதுன்னே." என்றார். "பாத்தாடா, முழுசா பாத்தா, கண்ணு கலங்கிப் போச்சு அவளுக்குன்னு சொன்னேன். கொஞ்சம் சேத்துச் சொன்னா நம்புவான்னு... 'சரி மாமா, போதும்'னு வெச்சுட்டான்."

நான் எழுந்து ஜன்னல் வரை போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். வீடு அவ்வளவுதான்.

அப்படியானால் அவனைப் பொறுத்தவரை நான் படத்தைப் பார்த்தவள். அதில் ஆஸ்பத்திரி இல்லை என்று அறிந்தவள். அவன் யாரைப் பற்றிக் கேட்கிறான் என்று புரிந்துகொண்டு, கண் கலங்கியும், "என்னிடம் சொல்லாதே" என்று பதில் சொன்னவள். அதற்குத்தான் எட்டாவது மாடி. பதினேழு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் என்னோடு சிரித்துப் பேசியிருக்கிறான்.

"எனக்குப் புரியலைடா," என்று டிவியைப் பார்த்துச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். அங்கே நடித்தவர்களின் பெயர்கள் மேலே போய்க்கொண்டிருந்தன.

என் கணவர் சோபாவின் நுனிக்கு நகர்ந்து, பஸ்ஸில் உட்காருவது போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முதல்ல இருந்து போடு," என்றார். "ரெண்டு பேருமாப் பாப்போம். நீ எங்கயாவது விட்டிருப்பே."

போட்டேன்.