குகைக்கு முன்னால் நிற்கும்

அப்பாவின் பச்சை எஞ்சினை விற்றே ஆகவேண்டும் என்று அம்மா சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்குக் கூரியர்காரர் வந்து நீல நிறச் சரக்கு ரயில் பெட்டி மாடல் ஒன்றை அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவின் பார்சல்கள் எப்போதும் அவர் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குத்தான் போகும். இந்த முறை விலாசத்தை மாற்ற மறந்துவிட்டார்.

எங்கள் வீட்டு அலமாரியில் அப்போது முப்பத்தொரு பொம்மை ரயில்கள் இருந்தன. பொம்மை என்றால் அப்பாவுக்கு மூக்கின்மேல் கோபம் வரும். மாடல் என்று சொல்லவேண்டும். சாப்பாட்டு மேஜை முழுவதும் தண்டவாளம். அதன் ஒரு மூலையில் செருப்புப் பெட்டியை வெட்டிக் காகிதம் ஒட்டிச் செய்த ஒரு குகை. நாங்கள் மூன்று பேரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டு ஐந்து வருடம் ஆகிறது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்ட அம்மாவால் நீலப் பெட்டியைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"இனிமே ஒண்ணு உள்ள வந்தா ஒண்ணு வெளிய போகணும்" என்றாள். "எது போகணும்னும் நானே சொல்லிடறேன். ஓடாதது போகட்டும். அந்தப் பச்சை."

"அது ஓடுமே" என்றார் அப்பா.

"எங்க ஓடுது? குகை வாசல் வரைக்கும் வந்து, கோவிச்சுக்கிட்ட மாப்பிள்ளை மாதிரி நின்னுக்குது."

அது உண்மைதான். பச்சை எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் குகைக்கு நாலு விரற்கடை முன்னால் நின்றுவிடும். அப்பா ஆள்காட்டி விரலால் அதன் முதுகில் மெதுவாக ஒரு தள்ளு தள்ளுவார். உடனே சமாதானமாகி உள்ளே போய்விடும். கடையிலிருந்து வந்ததும் நாற்காலியைக் குகைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் அதைத் தள்ளிவிட்டபடியே உட்கார்ந்திருப்பார். மற்ற எஞ்சின்களை அந்த நேரத்தில் தொடமாட்டார்.

"மத்ததெல்லாம் சுவிட்சைப் போட்டா தானா ஓடும் பாப்பா" என்று என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். "இதுக்கு மட்டும்தான் நான் வேணும்."

அம்மாவிடம் இதைச் சொல்ல அவருக்குத் துணிச்சல் இல்லை. சொன்னால், 'எனக்கு மாவு மில்லுக்குப் போக ஆள் வேணும், அங்க வாங்க' என்பாள்.

இணையச் சந்தையில் அப்பாவின் விளம்பரங்களைத் தட்டச்சு செய்வது என் வேலை. அப்பா தட்டினால் ஒரு வரிக்கு ஒரு பொழுது ஆகும். புதன்கிழமை என்னை உட்கார வைத்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில் திட்டத்தைச் சொன்னார். எஞ்சினை விற்பனைக்குப் போடுவோம். யாருமே வாங்காதபடி போடுவோம். யாரும் வாங்கவில்லை என்றால் அம்மாதான் என்ன செய்ய முடியும்?

"எழுது. பச்சை எஞ்சின். குறைகள்."

"படம் போட்டுட்டு, நல்லதா ரெண்டு வரி எழுதிட்டு அப்புறம் குறை எழுதலாம்பா."

"நல்லது ஒண்ணும் வேண்டாம். நேரா குறைக்கு வா. ஒண்ணு, இடப்பக்கம் பெயின்ட் உரிஞ்சிருக்கு. ரெண்டு, புகைக்கூண்டு லேசா சாஞ்சிருக்கு. மூணு, முன் விளக்கு எரியாது. நாலு, பத்து நிமிஷம் ஓடினா கருகின வாசனை வரும். அஞ்சு..." இங்கே அவர் எஞ்சினை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "குகைக்கு முன்னால் நிற்கும். தள்ளினால்தான் போகும்."

வாங்குகிறவன் முட்டாளாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அதை நான் சேர்க்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் ஒன்பது பேர் விசாரித்தார்கள்.

ரயில் சேர்ப்பவர்களைப் பற்றி அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டியது அன்றைக்கு எனக்கே தெரிந்துபோனது. 'புத்தம் புதுசு மாதிரி, சூப்பர் கண்டிஷன்' என்று போட்டால் அவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எத்தனை பேரிடம் ஏமாந்திருப்பார்கள்! ஐந்து குறையை வரிசையாக எழுதியவனைப் பார்த்ததும் உருகிவிட்டார்கள். 'இப்படி உண்மை பேசுகிற மனிதரை இந்தச் சந்தையில் இப்போதுதான் பார்க்கிறேன்' என்று ஒருவர் எழுதினார். 'கருகின வாசனை ரப்பர் கருகுவது போலவா, வயர் கருகுவது போலவா?' என்று ஒருவர் கேட்டார். அப்பா எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, மோந்து பார்த்து, "ரெண்டும்" என்று பதில் எழுதச் சொன்னார். அதற்கு நாலு பேர் இதயம் போட்டார்கள்.

பயந்துபோன அப்பா விலையை இரண்டு மடங்காக்கினார். 'அப்படியானால் இது அபூர்வமானதாகத்தான் இருக்கும்' என்று இன்னும் ஆறு பேர் வந்தார்கள். கடைசி அஸ்திரமாக, 'அனுப்ப முடியாது, நேரில் வந்து பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும்' என்று போட்டோம். கூட்டம் கலைந்தது. ஒரே ஒருவர் மட்டும் மிஞ்சினார். சந்தையில் அவர் பெயர் நட்டுபோல்ட்டு.

'ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறேன். நான் ஓடாத எஞ்சின்களை மட்டுமே வாங்குவேன். ஓடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. ஐந்தாவது குறை மிக அழகு.'

"போச்சு" என்றார் அப்பா. "அவரு பெரிய ஆளு. நம்ம ரயில் குரூப்புக்கே அவருதான் வாத்தியார் மாதிரி. விடமாட்டாரு."

"கெட்டிக்காரர்தான் நீங்க" என்று அம்மா வாயாரப் பாராட்டினாள். "குறையைச் சொல்லியே வித்துட்டீங்களே! நம்ம வீட்டு ஃபேனையும் இதே மாதிரி எழுதிப் போடுங்க."

ஞாயிற்றுக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு நட்டுபோல்ட்டு வந்தார். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவராம். ஒல்லியாக, சுத்தமாக, நெற்றியில் பூதக்கண்ணாடியைக் கட்டியபடியே பஸ்ஸில் வந்திருந்தார். எங்கள் விளம்பரத்தை அச்செடுத்து மடித்துக் கொண்டுவந்திருந்தார். காதில் ஒரு பென்சில்.

"குறையெல்லாம் ஒண்ணொண்ணா பாத்துடலாமா சார்?" என்றார், பெண் பார்க்க வந்தவர் மாதிரி கூச்சத்துடன்.

பெயின்ட் உரிந்திருந்தது. டிக். புகைக்கூண்டு சாய்ந்திருந்தது. டிக். விளக்கு எரியவில்லை. "அருமை" என்று ஒரு டிக். பத்து நிமிடம் எஞ்சினைக் கவிழ்த்துப் போட்டு, வயரைத் தொட வைத்துச் சக்கரத்தைச் சுழலவிட்டார். வாசனை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்துவிட்டு, "ரப்பர் கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லி டிக் போட்டார்.

அப்பா ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு சுற்று இளைத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப அஞ்சாவதைக் காட்டுங்க சார்."

அப்பா எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்தார். சுவிட்சைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கடைசி முறையாகத் தள்ளப்போகும் ஆள்காட்டி விரலைக் குகை வாசலில் தயாராக நீட்டிக்கொண்டார். எஞ்சின் வந்தது. விரலுக்கு அடியில் புகுந்து குகைக்குள் போய், மறுபக்கம் வெளியே வந்தது.

"நிக்கலையே?" என்றார் நட்டுபோல்ட்டு.

"நிக்குமே!" என்றார் அப்பா, வீட்டு மானம் போகிறதே என்ற பதற்றத்தில். "கண்டிப்பா நிக்கும் சார். புது ஆளைப் பாத்துக் கூச்சப்படுது."

இரண்டாவது சுற்றிலும் நிற்கவில்லை. மூன்றாவது சுற்றில் அப்பாவின் முகத்தில் ஏதோ விடிந்தது. நிற்காவிட்டால் இவர் வாங்கமாட்டார்! நீட்டிய விரலை மெல்ல மடக்கித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"பரவாயில்லை. நான் காத்திருக்கேன்" என்றார் நட்டுபோல்ட்டு.

அப்புறம் நடந்தது ஒரு பந்தயம். ஓடியது ஒரே ஒரு எஞ்சின்தான். ஆனால் ஆளுக்கொரு கட்சி. ஒவ்வொரு தடவையும் அது குகையை நெருங்கும்போது நட்டுபோல்ட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு, "நில்லு, நில்லு, நில்லு" என்பார். அப்பா உதடு அசையாமல், "போ கண்ணு, போ" என்பார். டீ கொண்டுவந்த அம்மா வந்தவர் கட்சியில் சேர்ந்துகொண்டாள். "அஞ்சு வருஷமா நின்னியே, இன்னிக்குன்னு பாத்து என்ன பவுசு? நில்லேன் கழுதை!" நான் சுற்றுகளை எண்ணினேன். முப்பத்தெட்டாவது சுற்றில் எஞ்சின் லேசாகத் தயங்கியது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்தார்கள். அது தும்மியது போல ஒரு சத்தம் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டது.

நாற்பத்தைந்தில் நட்டுபோல்ட்டு எழுந்துவிட்டார்.

"விளம்பரத்துல ஒண்ணு, பொருள் வேற ஒண்ணு. இது மோசடி சார்."

"என்ன சார் மோசடி?" அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நல்லா ஓடுறது மோசடியா?"

"நான் நல்லா ஓடுறதையா கேட்டேன்? அதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? ஓடவிட்டு வேடிக்கை பாக்கறதா?"

"எல்லாரும் அதானே பண்றோம்!"

"அதான் சொன்னேனே, எனக்கு அதுல ஆர்வம் இல்லைன்னு."

சொல்லிவிட்டுப் பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி, குகை வாசலில் குனிந்தார். எஞ்சினைப் பார்க்கவில்லை. தண்டவாளத்தைப் பார்த்தார். விரலால் தேய்த்து, விரலைப் பார்த்தார். அப்பாவும் தேய்த்துப் பார்த்தார். இரண்டு விரல்களும் பளிச்சென்று இருந்தன.

"யாரு இதைத் தொட்டது?" என்றார் அப்பா.

"நான்தான்" என்றாள் அம்மா. "வீட்டுக்கு ஆள் வருதேன்னு நேத்து ராத்திரி நீங்க தூங்கினப்புறம் எல்லாத்தையும் துடைச்சேன். இதையும் துடைச்சேன். அந்தக் குகைகிட்ட மட்டும் கரி கட்டிக் கிடந்துச்சு. ரெண்டு துணி வீணாப் போச்சு."

"எதைப் போட்டுத் துடைச்சே?"

"நீங்க கடையிலேர்ந்து கொண்டு வருவீங்களே, மூக்குக்கண்ணாடி துடைக்கற தண்ணி. அதான்."

எஞ்சின் நாற்பத்தாறாவது சுற்றை முடித்துக்கொண்டு போனது. ஐந்து வருடமாக அந்த ஐந்தாவது குறை எஞ்சினுடையதே இல்லை. மற்ற எஞ்சின்கள் நீளமானவை, அழுக்கைத் தாண்டிவிடும்; குட்டையான இதுதான் மின்சாரம் ஏறாமல் பாவம் நின்றுகொண்டிருந்திருக்கிறது. காலையிலிருந்து சாயங்காலம்வரை ஊரார் கண்ணாடியைத் துடைத்துத் தருகிற அப்பா, வீட்டில் இரண்டு முழத் தண்டவாளத்தைத் துடைத்ததே இல்லை.

"தண்டவாளத்தைத் துடைக்கவே கூடாது, துடைச்சா தேஞ்சு போயிடும்னு குரூப்ல எழுதினது நீங்கதானே சார்?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

"ஆமா. பதினோரு வருஷமா எழுதிட்டிருக்கேன்." நட்டுபோல்ட்டு நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். அவர் முகம் டீயின் மேல் படிந்த ஆடை மாதிரி சுருங்கியது. "எங்க வீட்ல பதினேழு ஓடாத எஞ்சின் இருக்கு. பதினேழையும் பிரிச்சுப் பிரிச்சு மாட்டியிருக்கேன். ஒண்ணுலயும் என்ன குறைன்னு கண்டுபிடிக்க முடியலை. எவ்வளவு சிக்கலான வியாதின்னு பெருமைப்பட்டுட்டு இருந்தேன். அப்போ அதெல்லாம்..."

"அந்தத் தண்ணி பாதி பாட்டில் இருக்கு. தரட்டுமா?" என்றாள் அம்மா.

பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் படியிறங்கிப் போனார். பென்சில் காதிலேயே இருந்தது.

அம்மா டீ தம்ளர்களை எடுத்துக்கொண்டே மேஜையைப் பார்த்தாள். "ஓடாதது போகட்டும்னு நான்தானே சொன்னேன். இது ஓடுது. இருந்து தொலையட்டும்."

அப்பா குதிப்பார் என்று நினைத்தேன். குதிக்கவில்லை. சாயங்காலம் வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எஞ்சின் அவரைச் சட்டை செய்யாமல் குகைக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. விரலை நீட்டினார். மடக்கினார். கல்யாணமாகிப் போன பெண் தொலைபேசியில், 'நல்லா இருக்கேன், வைக்கட்டுமா' என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவர் முகம்.

என் கையில் இருந்த அவருடைய போன் டிங் என்றது. இன்னொரு டிங். பதினான்கு தடவை. நட்டுபோல்ட்டு பதினான்கு எஞ்சின்களை விற்பனைக்குப் போட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் ஒரே விளம்பரம்: 'குறைகள்: எதுவும் இல்லை. அதனால்தான் விற்கிறேன்.'

"பாப்பா, மீதி மூணு என்ன ஆச்சுன்னு கேளு" என்றார் அப்பா, நிமிர்ந்து உட்கார்ந்து.

கேட்டேன். பதில் உடனே வந்தது. 'அந்த மூன்றும் துடைத்த பிறகும் ஓடவில்லை. உயிர் போனாலும் தரமாட்டேன்.'

"கொடுத்து வெச்சவர்" என்றார் அப்பா.

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். அப்பாவையும், மடக்கிய விரலையும், ஓடிக்கொண்டிருந்த பச்சையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இப்ப என்ன? நின்னா அழறீங்க, ஓடினா அழறீங்க."

"நான் எங்க அழறேன்?"

"துடைக்கலைன்னா மறுபடி கரி கட்டுமா அது?"

"கட்டும். ரெண்டு மூணு மாசத்துல" என்றார் அப்பா. குரலில் உயிர் வந்தது. உடனே போய்விட்டது. "ஆனா நின்னா வித்துடணும்னு சொல்லுவியே?"

"நிக்குதா ஓடுதான்னு பாத்துட்டே உக்கார எனக்கு வேற வேலை இல்லை பாருங்க" என்றாள் அம்மா. அந்தக் கரித்துணிகளைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, மேஜைப் பக்கம் திரும்பாமல் உள்ளே போனாள்.