புட்டு ஆவிக்கு வந்த மீன்கள்

ஜெர்மனியின் ஹம் நகரில், ரயில் பாதைக்கு வடக்கே நிற்கும் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில், ஜசிந்தா வளர்த்த மஞ்சள் மீன்கள் ஒரு கார்த்திகை மாதச் சனிக்கிழமை காலை தொட்டியை விட்டு வெளியே வந்து, காற்றில் நீந்திக் குசினிவரை போயின. அடுப்பில் புட்டு அவிந்துகொண்டிருந்தது. நீத்துப்பெட்டியிலிருந்து எழுந்த ஆவிக்குள் அவை ஒவ்வொன்றாகப் புகுந்து, வாயைத் திறந்து மூடி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்த் தண்ணீருக்குள் இறங்கின. தேங்காய் துருவிக்கொண்டிருந்த அவள் கணவன் யூட், தேங்காய்ப்பூவை மட்டும் கையால் மூடிக்கொண்டான். அதற்குமேல் அந்த வீட்டில் அன்று விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை.

ஈரக்காற்று அடித்தால் மீன்கள் வெளியே வரும், ஹீட்டர் சூட்டில் காற்றுக் காய்ந்தால் தொட்டியிலேயே கிடக்கும் என்பது சில கிழமைகளில் பிடிபட்டுவிட்டது. ஹம்மில் மழைக்குப் பஞ்சமில்லாததால் அவை பெரும்பாலும் வெளியேதான் திரிந்தன. கீழ்வீட்டுப் பெண்மணி, படிக்கட்டில் ஒரு மீன் தன்னைக் கடந்து போனதாகவும் அது காலை வணக்கம் சொல்லவில்லை என்றும் முறையிட்டார். ஜசிந்தா மேலே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள். மீன் வந்து அவருடைய கோப்பையின் ஆவியில் கொஞ்சநேரம் நின்றது. அத்தோடு அந்த மனஸ்தாபம் தீர்ந்தது.

மீன் காற்றில் நீந்தியது ஜசிந்தாவுக்குப் பெரிய கவலையாக இல்லை. அதன் முதுகுத் துடுப்பில் ஓடவேண்டிய கறுப்புக் கோடு இடையிடையே விட்டுப்போயிருந்ததுதான் அவளுடைய தூக்கத்தைக் கெடுத்தது. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைப் பூர்வீகமாகக் கொண்ட சிக்லிட் மீன்களில் அவளிடம் இருந்த மஞ்சள் வம்சம் கலப்பே இல்லாதது என்று டோர்ட்மண்ட்வரை பேச்சு. முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்தால் அவளுக்கு உலகமே அந்தத் தொட்டிதான். ஊர் மீன்வளர்ப்போர் சங்கம் வருடத்தில் இரண்டு தடவை பள்ளிக்கூட மண்டபத்தில் மீன்சந்தை நடத்தும். அங்கே இனத்தின் பெயரும் பூர்வீக இடமும் எழுதி ஒட்டாத ஒரு குஞ்சுகூட மேசை ஏற முடியாது. வாசலில் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு நின்று, சந்தேகமான மீன்களைத் திருப்பி அனுப்பும் பொறுப்பு ஜசிந்தாவுடையது. எத்தனையோ பேருடைய முகம் அந்த வாசலில் சுருங்கியதை அவள் கண்டிருக்கிறாள். இப்போது அவளுடைய வீட்டிலேயே கோடு அறுந்த மீன்கள்.

வந்த வினை ஆவணி மாதத்தில் வந்தது. கேவலார் மாதா கோயில் பெருவிழாவுக்குப் பாரிஸிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த சொந்தக்காரர் எல்லோரும் வழக்கம்போல ஜசிந்தா வீட்டில்தான் இறங்கினார்கள். வரவேற்பறையில் மெத்தை விரிக்க இடம் போதவில்லை. ஜசிந்தா வேலைக்குப் போயிருந்த நேரம், யூட், வேறு இனத்துச் செம்மஞ்சள் ஆண்மீன் ஒன்று தனியாக இருந்த சின்னத் தொட்டியை ஒழித்து, அந்த மீனை மஞ்சள் மீன்களோடு விட்டுவிட்டு, அந்த இடத்தில் பாரிஸ் மாமிக்குப் படுக்கை போட்டான். மாமி நன்றாகத் தூங்கினார். ஜசிந்தா கண்டுபிடித்துப் பிரித்தபோது, இரண்டு பெண்மீன்கள் வாய் நிறைய முட்டையோடு நின்றன. அந்த இனத்தில் தாய் வாய்க்குள்தான் அடைகாக்கும். தகப்பன் யார் என்று கேட்டால் சொல்வதற்கு அதற்கு வாயும் ஒழிவில்லை. அந்த வாய்களிலிருந்து வெளிவந்த குஞ்சுகள்தான் கார்த்திகையில் காற்றில் நீந்தின.

"ஒரு கிழமைதானே, சனத்தைப்போலை அதுகளும் கொஞ்சம் நெருங்கி இருக்கட்டும் எண்டு நினைச்சன்," என்றான் யூட்.

"நீங்கள் நெருங்கி இருக்கச் சொன்னீங்கள். அதுகள் குடும்பமே நடத்திட்டுதுகள்," என்றாள் ஜசிந்தா.

குளிர்காலம் முழுக்க ஹம்மில் இதே பேச்சுத்தான். சங்கத் தலைவர் ப்ரிங்க்மன், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்து தனியாக இருப்பவர், பூதக்கண்ணாடியோடு மூன்று தடவை மாடியேறி வந்தார். மீன்கள் அவருடைய தலைக்கு மேலே உலவியதை அவர் பெரிதாக எடுக்கவில்லை. "காற்றில் நீந்துவது வெறும் பழக்கம். பழக்கத்தை வைத்து இனத்தைச் சொல்ல முடியாது. துடுப்பைத்தான் பார்க்க வேண்டும்," என்றார். ஒருவர் பல்லைப் பார்க்கவேண்டும் என்றார். இன்னொருவர், நல்ல மஞ்சளிலும் கோடு அறுவதுண்டு, சாப்பாட்டில் குறை என்றார். அவர்கள் மூவரும் சோபாவில் இருந்து சண்டை பிடிக்க, மீன்கள் அவர்களுடைய கழுத்துச் சால்வைகளைக் கொறித்தன. டோர்ட்மண்டில் கணினி வேலை பார்க்கும் கோயம்புத்தூர்க்காரன் வசந்த்குமார், மீன்படம் எடுப்பதில் கெட்டிக்காரன் என்று வரவழைக்கப்பட்டான்.

"அக்கா, ஃபோட்டோ எல்லாம் க்ளியரா வந்திருக்கு. கோடு பிரேக் ஆகுது பாருங்க. ஹைபிரிட்தான், டவுட்டே இல்ல," என்றான் அவன்.

"தம்பி, அது உங்கடை தோளிலை நிக்குது."

"ஆமாக்கா, ஜன்னல் வெளிச்சம் நல்லா விழுது. அதான் கோடு இவ்ளோ தெளிவா தெரியுது."

கலப்பு என்று முடிவானால் என்ன செய்வது என்பதில் சங்கத்தில் சண்டை இல்லை. கலப்பு மீனை விற்கவோ, மாற்றவோ, கொடுக்கவோ கூடாது. பெரிய மீன் வளர்ப்பவரிடம் இரையாக ஒப்படைத்துவிட வேண்டும். ஜசிந்தாவே முன்பு முதுகு வளைந்த குஞ்சுகளைக் கண் இமைக்காமல் அப்படி ஒப்படைத்தவள்தான். இந்தமுறை அவளால் முடியவில்லை. அவளுக்கு இந்த மீன்களில் உயிர். மழை நாட்களில் அவள் சாவி போடும் சத்தம் கேட்டால் அவை கதவடிக்கு வந்துவிடும். நாள் முழுக்க மற்றவர்களைக் குளிப்பாட்டி ஊட்டி ஓய்ந்துபோன அவளுடைய மணிக்கட்டில் உப்பைத் தேடும். ஆனால் முப்பதுக்கு மேற்பட்ட மீன்கள் ஒரு தொட்டியில் இனித் தாக்குப்பிடிக்காது. தண்ணீர் ஏற்கெனவே கலங்கத் தொடங்கியிருந்தது. பங்குனிச் சந்தைக்குள் அவற்றுக்கு வீடு கிடைத்தாக வேண்டும்.

"வாசலிலை பேர் பாக்கிறதே நீர்தானே," என்றான் யூட். "சுத்த மஞ்சள் எண்டு எழுதி ஒட்டிவிடும். ஆர் உம்மைக் கேக்கப் போயினம்?"

"ஒருத்தரும் கேக்க மாட்டினம். அதுதான் எனக்கு ஏலாது."

அவள் அந்த விதியை மனதார நம்பினாள். ஒருவர் சுத்தம் என்று நம்பி வாங்கி, பெருக்கி, இன்னொருவர் தலையில் கட்ட, அவர் வேறொருவரிடம் கொடுக்க, கடைசியில் ஏரியில் உள்ள மீனுக்கும் வீட்டில் உள்ள மீனுக்கும் ஒரு உறவும் இல்லாமல் போய்விடும். பொய் சொன்னால் மீன் பிழைக்கும், உண்மையைச் சொன்னால் மீன் சாகும் என்ற நிலையில், அவள் மூன்று கிழமை சரியாகச் சாப்பிடாமல் திரிந்தாள். யூட் தன் பங்குக்குப் பாரிஸ் மாமியைத் திட்டித் தீர்த்தான். அவனால் ஆனது அவ்வளவுதான்.

சந்தை நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே சிணுங்கும் மழை. ஜசிந்தா மீன்களை மூடி போட்ட பெட்டியில் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். ப்ரிங்க்மன் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். அவர் குனிவதற்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள்: "பாக்கத் தேவையில்லை. கலப்புத்தான். என்ரை வீட்டிலை நடந்த பிழை." தமிழில் வந்துவிட்டதை உணர்ந்து ஜெர்மனில் இன்னொரு தடவை சொன்னாள். முன்பு அவளால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள்கூடக் கேலி செய்யவில்லை. பெரிய மீன் வளர்ப்பவர் வாளியோடு வந்து நின்றார்; அவருக்கும் முகம் நன்றாக இல்லை. ஜசிந்தா அழுதுகொண்டே மூடியைத் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்து யாரோ பெட்டிகள் ஏற்றுவதற்காக மண்டபத்தின் இரட்டைக் கதவை விரியத் திறந்துவிட்டார்கள். மழைக்காற்று உள்ளே வந்தது. மீன்கள் எழுந்தன. மேசைகளுக்கு மேலாக, பெயர் ஒட்டிய கண்ணாடித் தொட்டிகளுக்கு மேலாக, சந்தையில் சனம் சாமான் பார்ப்பதுபோல ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போயின. பிறகு ஒவ்வொன்றும் ஒவ்வொருவரிடம் நின்றுவிட்டது. ஒன்று வசந்த்குமாரின் கேமராப் பையில் ஏறி இருந்தது. ஒன்று தள்ளுவண்டிக் குழந்தையின் தொப்பிக் குஞ்சத்தைப் பிடித்துக்கொண்டது. ஒன்று வாளிக்காரரின் வாளிக்குள்ளேயே இறங்கிப் படுத்தது. அவர் சட்டென்று கோட்டைக் கழற்றிக் காற்றுப் படாமல் வாளியை மூடினார். இரண்டு மட்டும் ஜசிந்தாவை விட்டு அசையவில்லை. கடைசியாக ஒன்று ப்ரிங்க்மனைச் சுற்றிச் சுற்றி வந்து அவருடைய தொப்பி விளிம்புக்குக் கீழே நின்றது.

எல்லோரும் ப்ரிங்க்மனைப் பார்த்தார்கள். அவர் விதியைத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். விற்கக் கூடாது. இவள் விற்கவில்லை. மாற்றக் கூடாது, கொடுக்கக் கூடாது. இவள் அதுவும் செய்யவில்லை. மீன் தானாகப் போவதைப் பற்றிச் சங்கம் ஒருகாலமும் தீர்மானம் போட்டதில்லை. "விதி மீறப்படவில்லை," என்று அவர் உரக்க அறிவித்தார். "பெருக்க வேண்டாம் என்று மட்டும் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்." மண்டபமே கைதட்டியது. யூட் யாரென்றே தெரியாத ஒரு கிழவரைக் கட்டிப்பிடித்தான். ஜசிந்தா சிரித்துக்கொண்டே மூக்கைச் சீறினாள். நெஞ்சில் ஏறியிருந்த கல் இறங்கிய நாளாக அதை அவள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறாள்.

இப்போது மழை நாட்களில் ஹம் ரயில் நிலையத்தில் தோளருகே மஞ்சள் மீனோடு ஆட்கள் நிற்பதைக் காணலாம். பரிசோதகர் மீனுக்கு டிக்கெட் கேட்பதில்லை. போன கிழமை ஜசிந்தா வேலை முடிந்து வரும் வழியில் பேக்கரி வரிசையில் நின்றாள். முன்னால் ப்ரிங்க்மன், தொப்பியின் கீழே அவருடைய மீன். கடைக்காரப் பெண் பாணைக் காகிதப் பையில் போட்டபடி, இது என்ன இனம் என்று கேட்டாள். ப்ரிங்க்மன் மீனின் துடுப்பைப் பார்த்தார். பிறகு அதன் முகத்தைப் பார்த்தார்.

"தெரியாது," என்றார் அவர், முகம் முழுக்கச் சிரிப்போடு. "காலையில் என்னை எழுப்புவது இதுதான்."

கடைக்காரப் பெண் தலையாட்டிவிட்டு, பையின் வாயில் ஒரு துண்டுப் பாண் கூடுதலாக வைத்துக் கொடுத்து, அடுத்தது யார் என்று கேட்டாள்.