கலைவாணி இல்லாத பாட்டு

1.

இந்தக் கதையைத் தங்கவேல் அண்ணன் எனக்கு ஒரு ஜோக்காகத்தான் சொன்னார். நானும் சிரித்துவிட்டேன். புரிந்தபோது சிரிப்பை நிறுத்த வழி தெரியாமல் இருமலாக மாற்றிக்கொண்டேன்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: ‘ஜவ்வாது மலையின் மௌனத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு’ [அடித்தாயிற்று. தங்கவேல் அண்ணன் ஷேர் ஜீப் ஓட்டும் மலையில் மௌனம் ஏது?]

சரி, நேராகவே சொல்கிறேன். என் கல்லூரி நண்பர்கள் கோகுல்ராஜும் கலைவாணியும் ‘அடிவயிறு’ என்ற பெயரில் டப்ஸ்டெப் போடுகிறார்கள். டப்ஸ்டெப் என்பது காதுக்கு முன்னால் வயிற்றுக்குக் கேட்கிற கணினி இசை. விடுதிக்கு வெளியே அதற்கு ரசிகர்கள் இல்லை. விடுதிக்குள் எதிரிகள் உண்டு.

கலைவாணி அதே மலையில் இருக்கும் நெல்லிவாசல்நாட்டுப் பெண். தன் குரலையே கணினியில் கீழே இறக்கி இறக்கி, குரல் என்றே தெரியாத உறுமலாக்கியிருந்தாள். அதுதான் பாட்டின் பேஸ், அதாவது அடிநாதம். அது சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஸ்டூடியோ கிடையாது, தங்கவேல் அண்ணனின் ஜீப் இருந்தது. சீட்டுக்கு அடியில் பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ். பென்டிரைவைச் செருகுவார்கள். புளி மூட்டை அதிர்ந்தால் பாட்டு தேறியது.

2.

[கோகுல்ராஜை வில்லனாக்கப் பார்த்தேன். மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை.]

அவனுக்கு ஊரே கேட்க வேண்டும், அவ்வளவுதான். “ஜனங்க போன்லதான் கேக்குறாங்க கலை. போன்ல உன் பேஸ் வெறும் கரகரன்னு வருது.”

உறுமலை எடுத்துவிட்டு ஒரு விசிலைப் போட்டு வெளியிட்டான். சலூன், மண்டபம், மினி பஸ் எல்லாவற்றிலும் ஓடியது. கலைவாணி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

“கோடை விழா மேடையில முழுசா போடணும். எங்கம்மா வருது. ‘பாட்டு பாட்டுன்றியே, உன் கொரல் எங்கடி’ன்னு கேட்டுகினே கீது.”

“போடாம இன்னா?” என்றான்.

லேப்டாப்பில் இடமில்லை என்று முழுப் பாட்டையும் அழித்திருந்தான். மிஞ்சிய ஒரே பிரதி ஜீப்பில் செருகியிருந்த பென்டிரைவில். அதை எடுத்துவர மறந்துவிட்டான்.*

* இந்த இடத்தில் விதி என்ற சொல்லைப் போடலாமா என்று யோசித்தேன். மறதி என்பதே போதும்.

3.

விழாவன்று கலைவாணியின் அம்மா அம்மாக்கண்ணு அதே ஜீப்பில் வந்தார். தங்கவேல் அண்ணன் ஜோக் என்று சொன்னது இதைத்தான்:

“இன்னாப்பா, வண்டி இப்டி உறுமுது? வவுத்த கலக்குது.”

“வண்டி இல்லக்கா, பாட்டு. கோகுலு குடுத்தது.”

“இதா பாட்டு? நிறுத்துய்யா அந்தக் கருமத்த! எம் பொண்ணு பாட்ட கேக்கப் போறேன், காத கெடுக்காத.”

அண்ணன் பாட்டை நிறுத்தினார். அது யாருடைய குரல் என்று அவருக்கும் தெரியாது. அம்மாவை விழா நடக்கும் ஜமுனாமரத்தூரில் இறக்கிவிட்டு, புளி மூட்டைகளோடு செங்கம் சந்தைக்குப் போய்விட்டார்.

4.

மேடையில் ஆளுயர ஸ்பீக்கர்கள். வந்ததோ போன் பாட்டு. மைதானமே ஆடியது. பாட்டின் கீழ்ப்பாதி எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. கோகுல்ராஜ் லேப்டாப்புக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு சத்தத்தை மட்டும் கூட்டினான்.

மேடையோரம் நின்ற கலைவாணியின் கையை அம்மாக்கண்ணு பிடித்து இழுத்தார்.

“இதுல எதுடி உன்து?”

முடிவு அ: ஜீப் பாய்ந்து வருகிறது. [கதைக்குள்ளிருந்தே அண்ணனுக்குப் போன் போட்டேன். “மூட்ட எறக்கினு கீறேன்பா, வை” என்றார்.]

முடிவு ஆ: கோகுல்ராஜ் மைக்கில் மன்னிப்புக் கேட்கிறான். [மைக்கைக் கையில் கொடுத்தேன். “எல்லாரும் கைய தூக்குங்க!” என்றான்.]

முடிவு இ: விசில் வருகிறது. அம்மாக்கண்ணுவின் முகம் மலர்கிறது. “இதா? இந்த விசிலா? நல்லாத்தான் கீது!”

இதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. ‘ஆமாம்’ என்றால் அம்மா சந்தோஷமாக ஊர் திரும்புவார். ‘இல்லை’ என்றால், தன் குரல் எப்படி இருக்கும் என்று கலைவாணி விளக்குவாள். வயிற்றைக் கலக்கும்மா என்பாள். அப்போது அம்மாவின் முகத்தில் என்ன நடக்கும் என்பது, அந்த ஜீப்பில் இல்லாத அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும்.

அவள் தலையை நீங்களே ஆட்டிவிடுங்கள். எந்தப் பக்கம் ஆட்டினீர்கள் என்று என்னிடம் சொல்ல வேண்டாம்.