ஒரு கை உப்பு

கீழ்புத்துப்பட்டைத் தாண்டி ஈசிஆர் ஓரமாகப் பரத் ஒரு கலைக்கூடம் நடத்துகிறான். குழந்தைகள் சுவரில் பெயின்ட் அடிக்கலாம், களிமண் பிசையலாம், பிளாஸ்டரில் கை அச்சு எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அச்சு மேசை சந்தியாவுடையது. அதற்கு முன் ஒன்பது வருஷம் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரினாள். இங்கே நிழல் இருந்தது, ஃபேன் இருந்தது. உப்பளத்துக்குத் திரும்புவதைவிடச் செத்துப்போகலாம் என்று நினைத்திருந்தாள்.

பிளாஸ்டர் இறுக அரைமணி நேரம் ஆனது. குழந்தைகள் அதுவரை நிற்கவில்லை. பெற்றோர் பரத்திடம் கத்தினார்கள், பரத் அவளிடம் கத்தினான். ஒருநாள் கேன் தண்ணீர் வராமல் கரிக்கும் போர் தண்ணீரில் கலக்கினாள். சீக்கிரம் இறுகியது. மறுநாளிலிருந்து வாளிக்கு ஒரு கை உப்பு போட்டாள். பத்தே நிமிஷம்.

"சூப்பர் சந்தியா. வெளிய சொல்லாத," என்றான் பரத்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு சென்னைக் குடும்பம் வந்தது. மற்றவர்கள் தட்டில் உள்ளங்கையைப் பதித்துவிட்டு எடுத்துவிடுவார்கள். இந்த அப்பாவுக்கு அது போதவில்லை.

"தட்டுல வேணாம்மா. மணிக்கட்டு வரைக்கும் வேணும். ஷோகேஸ்ல வெக்கணும்."

சந்தியா பரத்தைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். பெரிய வாளி என்பதால் இரண்டு கை உப்பு போட்டாள். அவனுடைய ஆறு வயது மகள் தமிழ்நிலா கையை உள்ளே விட்டாள்.

"அப்பா, சுடுது."

"ஆடாதடா செல்லம். வீடியோ போவுது."

"மருதாணி வெச்சாலே ஊரக் கூட்டுவா இவ," என்றாள் அம்மா. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

சந்தியா நான்கு விரல்களைப் பிளாஸ்டரில் வைத்துப் பார்த்தாள். உப்புநீரும் உப்பு வாரும் மரப்பலகையும் தேய்த்த விரல்கள், செருப்பின் அடி மாதிரி. வெதுவெதுப்புகூடத் தெரியவில்லை.

"சூடு இல்ல சார். பாப்பா பயப்படுது."

இறுக இறுகப் பிளாஸ்டரில் சூடு ஏறியது. குழந்தை அலறியது. கை வெளியே வரவில்லை. பரத் சுத்தியலால் உடைத்தான். பிளாஸ்டரோடு தோலும் வந்தது.

அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினாள். "நீ ஆஸ்பத்திரிக்குப் போ, இவள நான் பாத்துக்கறேன்," என்று அப்பா நின்றுவிட்டான்.

"சூடு இல்லன்னு சொன்னல்ல? வைடி உன் கைய."

"உப்பு கிப்பு என்னத்தையோ போட்டுட்டா சார், எனக்குத் தெரியவே தெரியாது," என்றான் பரத். இன்னொரு வாளியில் அவனே கலக்கினான். யாரையும் கேட்காமல் சரியாக இரண்டு கை உப்பு போட்டான்.

சந்தியா கையை விட்டாள். இருபது பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

உள்ளங்கையில் ஒன்றும் தெரியவில்லை. மணிக்கட்டில் சூடு பிடித்தது. நெருப்புக் காப்பு போட்ட மாதிரி இருந்தது. அவள் முகம் அசையவில்லை. உப்பளத்தில் காலில் வெடிப்பு எரிகிறது என்று முகம் சுளிப்பவளை மேஸ்திரி மறுநாள் கூப்பிடமாட்டார். வேலை வேண்டுமென்றால் முகத்தை வைத்துக்கொள்ளும் விதம் அவளுக்கு அது ஒன்றுதான் தெரியும்.

பரத் குனிந்து கிசுகிசுத்தான். "அழுது தொலை. அழுதா வுட்டுடுவாரு."

அவள் முயன்றாள். வாய் கோணியது. கண்ணீர் வரவில்லை.

"பாரு, எப்படி நிக்கறா," என்றாள் வரிசையில் இருந்த ஒருத்தி. "இது கையில கொழந்தைங்களக் குடுத்தா வெளங்கும்!"

எல்லோரும் படம் எடுத்து முடித்த பிறகு பரத் சுத்தியலை அவளிடம் கொடுத்தான். இடது கையால் அவளே உடைத்துக்கொண்டாள். மணிக்கட்டைச் சுற்றித் தோல் வெளுத்துத் தொங்கியது. துப்பட்டாவால் மூடிக்கொண்டாள்.

"நாளைக்கு எத்தினி மணிக்கு சார் வரட்டும்?"

"சுத்தியல வெச்சிட்டுப் போ," என்றான்.

செவ்வாய்க்கிழமை விடியலில் அவள் உப்புப் பாத்தியில் இறங்கினாள். மணிக்கட்டுப் புண்ணில் உப்புத்தண்ணீர் பட்டது. மேஸ்திரி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பலகையை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.