ஹெவி லைசென்ஸ்

“என் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடுங்க சார்.”

அப்பாவின் காலடியில் மலர்வளையத்தை வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்த கல்லூரி மேனேஜர் பாதிக் குனிவிலேயே நின்றார். கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்தவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்துக்கொண்டார்கள். என்ன பேசுகிறார்கள் என்று காதில் விழ வேண்டுமே.

“என்னம்மா?”

“டிகிரி, மார்க் ஷீட் எல்லாம் உங்க ஆபீஸ்ல இருக்கு. போன வாரம் அப்பா கொண்டுவந்து குடுத்தார். எனக்கு வேணும்.”

“இது அதுக்கான நேரமாம்மா?”

“அப்ப எப்ப சார்?”

மாமா, அம்மாவின் தம்பி, கேட்டு நின்ற மகளின் முழங்கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். “பெத்த அப்பன் கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடக்கார். உனக்கு இப்ப காகிதம் கேக்குதா?” என்றார். மேனேஜருக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்தபடி பேசினார். “இங்கேயே இரு. வெளிய தலை காட்டினே, மரியாதை கெட்டுடும்.”

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாள் என்பது அவளுக்கே தெரியும். அப்பா பொதுவாகக் கட்டளை போடுகிறவர் இல்லை. இது ஒன்றைத்தான் போட்டிருந்தார். எதை வேண்டுமானாலும் கேள், அந்த ஆபீஸில் போய் ஒரிஜினலை மட்டும் கேட்காதே. கேட்டால் உன் மேல்படிப்பு சீட் போச்சு, என் மானமும் கூடவே போச்சு.

அப்பா கல்லூரி பஸ் டிரைவர். ஹாரனே அடிக்க மாட்டார் என்பதால் பிள்ளைகள் அவருக்கு ‘ஹாரன் அண்ணன்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நேற்று மதியம் வழக்கம்போல பஸ்ஸை ஷெட்டில் நிறுத்திவிட்டு, கடைசி சீட்டில் நீட்டிப் படுத்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டிருக்கிறார். சாயங்காலம் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தார்கள். அண்ணன் அசந்து தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்று பேச்சைக்கூடத் தணித்துக்கொண்டார்களாம். கடைசி நிமிஷத்தில் ஓடி வருகிறவர்களுக்காக அவர் எத்தனையோ நாள் வண்டியை எடுக்காமல் நின்றவர். இவர்களும் காத்திருந்தார்கள். மற்ற பஸ்களெல்லாம் கிளம்பிப்போய் ஷெட் காலியான பிறகுதான் ஒரு பெண் போய்த் துண்டை விலக்கினாள்.

சமையலறையில் அவளால் நிற்க முடியவில்லை. காலியாக இருந்த பாத்திரங்களில் தண்ணீர் பிடித்தாள். நிரம்பி இருந்ததைக் கொட்டிவிட்டு மறுபடி பிடித்தாள்.

அதே பஸ்ஸில் மூன்று வருஷம் போய்வந்தவள் அவள். அந்த வீட்டின் முதல் பட்டதாரி. ரிசல்ட் வந்த அன்று அப்பா ஷெட்டில் இருந்த எல்லா டிரைவர்களுக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அந்தப் பட்டத்துக்காகத் தான் என்ன செய்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். ப்ரோக்ராமைத் தாளில் எழுதி எழுதி மனப்பாடம் செய்தாள். லேபில் பாதி கம்ப்யூட்டர் எரியாது. எரிகிறதைத் தொட்டால் லேப் சார் எரிவார். முதல் இன்டர்வியூவில் நெட்வொர்க் என்றால் என்ன என்று கேட்டார்கள். மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். நல்லது, இந்த கம்ப்யூட்டரில் நெட் வரவில்லை, என்னவென்று பாருங்கள் என்றார்கள். எந்த ஒயரை முதலில் தொடுவது என்று தெரியாமல் நின்றாள். அங்கிருந்து படியிறங்கும்போது அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று புரியக் கொஞ்ச நாள் ஆயிற்று.

பிறகு ஒரு தையல் கடை மாடியில் இருந்த பயிற்சி மையத்தில் சேர்ந்தாள். எங்கோ ஆபீஸில் கழித்துக்கட்டிய பழைய ரவுட்டர்களும் ஒயர்க் குப்பையுமாக இருக்கும். கீழே தையல் மெஷின் ஓடினால் மேலே மேஜை நடுங்கும். ஆனால் அங்கே எதையும் தொடலாம், கழற்றலாம், கெடுக்கலாம். கெடுத்ததைச் சரிசெய்யாமல் வீட்டுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். நெட்வொர்க் சான்றிதழ்ப் பரீட்சை நாளைக் காலையில். அதில் பாஸ் பண்ணி, டிகிரி ஒரிஜினலோடு வந்தால் உடனே சேர்த்துக்கொள்கிறோம் என்று ஒரு கம்பெனி சொல்லியிருந்தது. ஷிப்ட் வேலை. விழுந்துபோன சர்வரை எழுப்பி உட்கார வைப்பது.

அப்பாவுக்கு இது ஏறவேயில்லை. அவருக்கு மாஸ்டர் டிகிரி வேண்டும். இன்னும் இரண்டு வருஷம், அதே கல்லூரி, ஊழியர் பிள்ளைக்கென்று ஒதுக்கிய சீட்.

“டிகிரிங்கறது ஹெவி லைசென்ஸ் மாதிரி” என்றார், சாப்பிட்டுக்கொண்டே. “அது கையில இருந்தா லாரி, பஸ், எதை வேணாலும் எடுக்கலாம். நீ சொல்ற சர்டிபிகேட் ஒரே ஒரு வண்டிக்குத்தான்.”

“அந்த ஒரு வண்டியையாவது ஓட்டத் தெரியும்ல.”

“அதுவும் மூணு வருஷத்துல செல்லாமப் போயிடும்னு நீதானே சொன்னே? படிச்ச படிப்பு காலாவதி ஆகுமா? அதென்ன பால் பாக்கெட்டா?”

“உங்க லைசென்ஸும்தான் காலாவதி ஆகுது. போய்ப் புதுப்பிச்சுட்டு வரீங்கல்ல.”

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ஒவ்வொரு தடவையும் கண் டெஸ்டுக்கு உக்காரும்போது எழுத்து தெரியாமப் போயிடுமோன்னு இருக்கும். அந்தப் பயம் உனக்கு வேணாம்னுதான் சொல்றேன்.”

அவளுக்குக் கோபம்தான் வந்தது. போன வாரம் அவள் வெளியே போயிருந்த நேரத்தில், ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, அவளுடைய ஒரிஜினல்களைக் கொண்டுபோய் ஆபீஸில் போட்டுவிட்டு வந்தார். நாளை வகுப்புத் தொடங்குகிறது. அன்றையிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

சமையலறை ஜன்னலுக்கு வெளியே மாமாவின் குரல் கேட்டது. மேனேஜரைத் தனியாக அழைத்து வந்திருந்தார்.

“துக்கம் தலைக்கேறிடுச்சு சார். சின்னப் பொண்ணு. மனசுல வெச்சுக்காதீங்க.”

“சேச்சே. அவர் இல்லேன்னாலும் சீட் அவளுக்குத்தான். சேர்மன்கிட்ட நானே பேசிட்டேன். பொண்ணு நம்மகிட்ட படிச்சிட்டிருந்தா, அம்மாவுக்கும் ஹாஸ்டல்ல ஒரு வேலை பார்த்துக் குடுக்கலாம். எல்லாம் ஒரே குடும்பம்தானே.”

“ரொம்பப் பெரிய மனசு சார் உங்களுக்கு.”

“படிக்கலேன்னா?” என்று அவள் ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “குடும்பம்னா பிள்ளைங்க பெரியவங்க சொல்றதைக் கேக்கணும்லம்மா” என்றார் மிகவும் அன்பாக.

மாமா ஜன்னல் கதவை வெளியிலிருந்து சாத்தினார்.

அவள் பின்வாசல் வழியாகத் தெருவுக்குப் போனாள். தெருமுனையில் கல்லூரி பஸ் நின்றது. அப்பாவின் பஸ்தான். மாற்று டிரைவர் ஒருவர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். வண்டியைத் தெருவுக்குள் திருப்ப முடியாமல் மூக்கை மட்டும் நுழைத்து நிறுத்தியிருந்தார். அப்பாவாக இருந்தால் ஒரே வெட்டில் திருப்பியிருப்பார் என்று தோன்றியது. தோன்றியதற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

பஸ்ஸின் நிழலில் ஒரு மாணவி தனியாக நின்றாள். கண் வீங்கியிருந்தது. துண்டை விலக்கியவள் அவள்தான் என்று பஸ்ஸில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

“நேத்து அப்பா ஏதாவது சொன்னாரா?”

“காலையில நல்லாத்தான் இருந்தாருக்கா. ரொம்பச் சந்தோஷமா இருந்தார். ‘நாளன்னிக்குலேர்ந்து என் பொண்ணு வருவா, ரெண்டாவது வரிசை ஜன்னல் சீட்டை அவளுக்கு விட்டு வைங்க’ன்னு எல்லார்கிட்டயும் சொன்னார்.” மாணவி மூக்கை உறிஞ்சினாள். “இன்னிக்கு வரும்போதுகூட அதுல யாரும் உக்காரலக்கா. நின்னுக்கிட்டே வந்தாங்க, அதை மட்டும் விட்டுட்டாங்க.”

அவள் எதிர்பார்த்தது வேறு. சாகப்போகிறவர்களுக்குக் கடைசியில் மனசு மாறும் என்று எந்தக் கதையில் கேட்டிருந்தாளோ. அப்பாவுக்கு மாறவில்லை. தூங்கப் போகும்போதுகூட மகள் வருவாள் என்றே துண்டை இழுத்துவிட்டுக்கொண்டிருப்பார்.

“நீ என்ன படிக்கிறே?”

“மாஸ்டர்ஸ்க்கா. கடைசி வருஷம்.”

“வேலை கிடைக்குமா?”

மாணவி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “போன வருஷம் முடிச்சவங்க நிறையப் பேர் இப்ப வெளிய ஏதோ சர்டிபிகேட் கோர்ஸ்தான் போறாங்க. ஆனா மாஸ்டர்ஸ் இருந்தாத்தான் பெரிய கம்பெனியில உள்ளயே விடுவாங்கன்னும் சொல்றாங்க. ரெண்டும் சொல்றாங்கக்கா.”

“யார் சொல்றாங்க?”

“ரெண்டையும் விக்கிறவங்கதான்.”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீட்டு வாசல் என்று நினைவு வந்து மாணவி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் பொத்திக்கொள்ளவில்லை. அந்தச் சிரிப்பை மாமா தூரத்திலிருந்து பார்த்தார்.

மதியம் தாண்டி அப்பாவை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு வண்டி முன்னால் போக, பின்னால் கல்லூரி பஸ் போயிற்று. போனவர்கள் திரும்பி வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. கூட்டம் கலைந்ததும் வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது.

அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவின் காக்கிச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததை உதறி, கைப்பக்கம் சரியில்லை என்று மறுபடி மடித்தாள்.

“ஹாஸ்டல் வேலைன்னு உன் மாமா சொன்னான்.”

“போறியாம்மா?”

“போனா நல்லா இருக்கும்னுதான் தோணுது. இந்தச் சுவத்தையே பார்த்துட்டு உக்காந்திருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்.”

“நான் சேரலேன்னா குடுக்க மாட்டாங்க.”

“தெரியும்.”

அவள் கதவருகே போய்த் திரும்பி வந்தாள். மறுபடி போனாள். “நாளைக்குக் காலையில பரீட்சை. தள்ளி வெக்கணும்னா முன்னாடியே சொல்லியிருக்கணும். இப்ப முடியாது. போகலேன்னா அந்த வேலையும் இல்ல.”

“அந்த சீட்டுக்காக உங்கப்பா மேனேஜர் ரூம் வாசல்ல எத்தனை நாள் நின்னார்னு தெரியுமா உனக்கு? யூனிபார்மைத் துவைச்சுப் போட்டுட்டுப் போவார். டிரைவர் மாதிரி தெரியக் கூடாதாம்.”

“அதுக்காகவே எனக்கு வேணாம்மா. ஒருத்தர் நின்னது போதும்.”

அம்மா ஒரு சட்டையின் பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தாள். பிறகு, “சரின்னு என் வாயால சொல்ல மாட்டேன். சொன்னா நானும் சேர்ந்து அவரை ஏமாத்தின மாதிரி ஆயிடும்” என்றாள்.

“அப்ப போகாதேன்னாவது சொல்லு.”

அம்மா அடுத்த சட்டையை எடுத்தாள்.

காலையில் அவள் குளித்துத் தலையைப் பின்னிக்கொண்டு வெளியே வந்தபோது, வாடகை நாற்காலிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மீதியிருந்த ஒன்றில் மாமா உட்கார்ந்திருந்தார். இரவெல்லாம் தூங்காத முகம். அவளைப் பார்த்ததும் அந்த முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

“பஸ் மெயின் ரோட்டுக்கு வரும். புது டிரைவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன், உனக்காக நிறுத்துவான்.”

“நிறுத்த வேணாம்னு சொல்லிடுங்க மாமா.”

“அப்ப எங்க கிளம்பிட்டே?”

“பரீட்சைக்கு. அது முடிஞ்சதும் காலேஜ் ஆபீஸுக்கு.”

“குடுக்க மாட்டேன்னு சொன்னா?”

“குடுக்கிற வரைக்கும் உக்காந்திருப்பேன். எனக்கு வாசல்ல நிக்கத்தான் வராது.”

“உங்கம்மா கதி என்னன்னு யோசிச்சியாடி?”

“ராத்திரி பூரா அதைத்தான் யோசிச்சேன்.”

மாமா வீட்டுக்குள் திரும்பி, “அக்கா, உன் பொண்ணு என்ன சொல்றா கேட்டியா?” என்று குரல் கொடுத்தார். உள்ளே பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. வேறு சத்தம் இல்லை. மாமா இன்னொரு முறை கூப்பிட்டார். நாற்காலி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் அவரை எழுந்திருக்கச் சொல்லலாமா என்று தயங்கி நின்றார்கள்.

அவள் கேட்டைத் திறந்து இறங்கினாள். எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். தெருவின் பாதி அகலத்துக்குத் தண்ணீர் பீய்ச்சியடித்துக்கொண்டிருந்தது. அவள் வருவதைப் பார்த்ததும் ரப்பர் குழாயை இரண்டாக மடக்கிப் பிடித்தார். எங்கே என்று கேட்கவில்லை. அவள் கடந்து, தெரு திரும்பும்வரை மடக்கியே பிடித்திருந்தார்.