ஒரு எழுத்து, இரண்டு பெட்டி

ரயில் நிலையத்தில் தொலைந்த சாமான்களைத் திருப்பித் தரும் கவுண்டரில் அத்தானுக்கு வேலை. அந்தக் கவுண்டரின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவள் மாடியில் உட்கார்ந்திருக்கும் அவருடைய கொழுந்தியாள். ஒருவரையொருவர் சீண்டாவிட்டால் இருவருக்கும் பொழுது போகாது.

அன்று காலை அத்தான் போன் செய்தார்.

"உன் மெஷின் பெட்டியே வரலைங்குது. பெட்டி என் காலை இடிச்சுக்கிட்டு நிக்குது. இறங்கி வாயேன்."

கவுண்டரில் பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். முந்தின மாலை ரயிலின் சரக்குகளை ஒரு நிலையம் முன்பே இறக்கிவிட்டதில் அவருடைய கருவிப் பெட்டியும் தவறிப் போய், காலையில்தான் இங்கே வந்து சேர்ந்திருந்தது. அவருடைய குடும்பப் பெயர் ß என்ற ஜெர்மன் எழுத்தில் முடிந்தது. பெட்டியின் லேபிளிலோ SS என்றிருந்தது.

அவளுக்கு விஷயம் பிடிபட்டது. யார் எப்படி டைப் செய்தாலும் கிடைக்கட்டும் என்று, தேடும் பெயரைப் பெரிய எழுத்தாக்கச் சொல்லியிருந்தாள். ß-ஐப் பெரிய எழுத்தில் SS என்று எழுதுவது வழக்கம் என்பதால், லேபிள் மெஷின் அதை இரண்டு S ஆக்கிவிட்டது. டேட்டாபேஸோ தேடும் பெயரில் ß-ஐத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

"என் பேரை மாத்திடுவீங்களா?" பெரியவர் பதறினார்.

"இல்லீங்க. உங்க பேரு அப்படியே இருக்கும். தேடுறப்ப மட்டும் ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லிக் குடுக்கிறேன்."

மாடிக்குப் போய் மாற்றிவிட்டு வந்தாள். அத்தான் மறுபடி தேடினார்.

"அடேங்கப்பா, இல்லைன்னு சொன்னது இப்ப ரெண்டு பெட்டி காட்டுது!"

இரண்டாவது பெட்டிக்காரரின் பெயரை வாய்விட்டுப் படித்தார். பெரியவரின் முகம் மாறியது.

"என் தம்பி. போன ஊர்ல யாருக்கும் படிக்கத் தெரியலைன்னு அந்த எழுத்தையே விட்டுட்டு ரெண்டு S போட்டுக்கிட்டான். அப்பா பேரை வெட்டிட்டியேன்னு நான் கத்தினேன். அதோட பேச்சு நின்னுபோச்சு." சற்று யோசித்தார். "நான் போறது அக்கா வீட்டுக்கு. அவனும் அதே ரயிலா? அப்ப அக்கா ரெண்டு பேரையும் கூப்பிட்டிருக்கா. என்கிட்ட மூச்சு விடலையே!"

அத்தான் கொழுந்தியாளிடம் கிசுகிசுத்தார்: "வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேனோ?"

கையெழுத்துப் போட்டுப் பெட்டியை வாங்கிய பெரியவர் கிளம்பவில்லை. சுவரோரப் பெஞ்சில் அமர்ந்தார்.

மதியம் அதே மூக்கோடு, கொஞ்சம் ஒல்லியாக, ஒருவர் வந்தார். கவுண்டரில் தன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னார்: "கடைசியில ரெண்டு S."

"ஒண்ணுதான்டா," என்றது பெஞ்சு.

அவர் திரும்பினார். பெஞ்சில் அண்ணன்.

"இன்னும் அதை விடலையா நீ?"

கோபமாகத்தான் கேட்டார், ஆனால் கேட்டுக்கொண்டே பெஞ்சருகே வந்துவிட்டார். அண்ணன் எழுந்து, அத்தான் எடுத்து வைத்த தம்பியின் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னடா இது, கல்லைக் கட்டி வெச்சிருக்கே?"

"அக்காவுக்குப் புத்தகம்."

"அந்தப் பக்கம் பிடி."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, வாசலில் எந்தப் பக்கம் டாக்ஸி கிடைக்கும் என்று வாதாடியபடியே வெளியே போனார்கள்.